தேநீரின் யோக்கியதை

1214-ஆம் ஆண்டில் ஜப்பான் தேசத்தின் ஷோகன் என்னும் படைத்தலைவர் பதவியில் இருந்த மினமோட்டோ சனெட்டோமோ என்னும் இளைஞர், முந்தின இரவு விருந்தில் அளவு கடந்து மது அருந்தியதன் பயனாக மறுநாள் தலையைத் தூக்க மாட்டாமல் கிடந்தபோது, அவருடைய சௌக்கியத்துக்காகப் பிரார்த்தனை செய்ய வரவழைக்கப்பட்ட எய்சாய் என்னும் பௌத்தத் துறவி, பிரார்த்தனையோடு நில்லாமல், தம் மடாலயத்திலிருந்து ஒரு கோப்பைத் தேநீரும், அதன் மகிமையைப் பற்றித் தாமே எழுதிய ஒரு சிறு நூலும் தருவித்துக் கொடுத்தார் என்று அந்நாட்டுச் சரித்திரக் குறிப்பு சொல்கிறது. ஷோகன் மிகவும் மகிழ்ந்தாராம். மகிழ்ச்சிக்குக் காரணம் தேயிலையா, வெந்நீரா, துறவியின் பிரார்த்தனையா, அல்லது மதுவின் வேகம் தானாகவே தணிந்ததா என்று அன்று ஒருவரும் விசாரிக்கவில்லை. எண்ணூறு வருஷங்களாகத் தேநீரைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அந்த விசாரணையைச் செய்யாமலே புகழ்ந்தும் இகழ்ந்தும் வந்திருக்கிறார்கள் என்பதுதான் விசேஷம்.

புகழ்ந்தவர்களில் பலருக்குச் சரக்கு விற்க வேண்டியிருந்தது. 1660-ஆம் ஆண்டுவாக்கில் லண்டன் நகரத்தில் காபிக் கடை வைத்திருந்த தாமஸ் கார்வே என்பவர் அச்சிட்டு விநியோகித்த விளம்பரத் தாள் ஒன்றில், தலைவலி முதல் சிறுநீர்க் கல் வரையிலும், நீர்க்கோவை முதல் ஞாபகக் குறைவு வரையிலும் தேயிலை தீர்க்காத நோயே இல்லை என்று கண்டிருக்கிறது. நம் ஊர்ச் சந்தைகளில் லேகியம் விற்பவர்கூட அந்தப் பட்டியலைப் பார்த்தால் வெட்கப்படுவார். டச்சு வைத்தியர் கொர்னேலிஸ் போன்டெக்கு 1678-இல் வெளியிட்ட நூலில் ஒரு நாளைக்கு ஐம்பது கோப்பை, நூறு கோப்பை, வேண்டுமானால் இருநூறு கோப்பைகூடக் குடிக்கலாம் என்ற அளவுக்குப் போய்விட்டார். தேயிலை இறக்குமதி செய்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அவருக்குக் கைமாறு செய்திருப்பார்கள் என்று ஊரார் பேசிக்கொண்டதில் வியப்பில்லை.

இகழ்ந்தவர்களும் சளைத்தவர்கள் அல்லர். மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு லண்டன் வீதிகளில் நடந்த முதல் ஆடவர்களுள் ஒருவர் என்று பெயர் பெற்ற ஜோனஸ் ஹான்வே, 1756-இல் எழுதிய கட்டுரையில், தேநீர் பெண்களின் அழகைக் குலைத்து, நரம்பைத் தளர்த்தி, ஆங்கில ஜாதியையே பலவீனமாக்கிவிடும் என்று புலம்பினார். அதற்கு மறுப்பெழுதியவர் வேறு யாருமல்லர், ஆங்கில அகராதி செய்த சாமுவேல் ஜான்சன். காலை, மாலை, நள்ளிரவு என்று பாராமல் தேநீர் பருகி வந்த தம் வெட்கம் கெட்ட பழக்கத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் அவர் வாதத்தைத் தொடங்கினார். வாதத்தில் வென்றவர் ஜான்சன் என்பதே படித்தவர்களின் அபிப்பிராயம். ஆனால் அவர் வென்றது எழுத்தின் வலிமையால். தேயிலையின் குணதோஷத்தைப் பற்றி இருவருக்குமே தெரிந்தது சொற்பம்.

நம் தேசத்திலும் இதே கதைதான். 1930-களில் தேயிலை வியாபாரிகளின் வாரியத்தார் ரயில் நிலையங்களிலும் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் இலவசமாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, அதைப் போடும் முறையைச் சுவரொட்டிகளில் விளக்கி, ஜனங்களைப் பழக்கப்படுத்தினார்கள். மறுபுறம் காந்தியடிகள் 1942-இல் எழுதிய ஆரோக்கிய நூலில், தேயிலையில் உள்ள டானின் தேகத்துக்குக் கேடு செய்வது ஆகையால் அதை விட்டுவிடுவதே நலம் என்று எழுதினார். அதே இடத்தில் அவர் எடுத்துச் சொல்லும் ஒரு சீனத்துச் செய்தி, தேநீரின் சிநேகிதர்கள் யாரும் சொன்னதைக் காட்டிலும் தேநீருக்குப் பெரிய நற்சாட்சியாக எனக்குத் தோன்றுகிறது: தண்ணீர் நன்றாகக் கொதித்தால்தான் தேயிலையின் நிறம் அதில் இறங்கும், ஆகவே நீர் கொதித்ததா இல்லையா என்று சோதித்துப் பார்க்கும் கருவியாகவே சீனர்கள் அந்த இலையைக் கையாளத் தொடங்கினார்கள் என்பது.

செய்தி சரித்திரமோ கற்பனையோ, அதில் அடங்கியிருக்கும் உண்மை பெரிது. 1784-இல் ஆங்கிலப் பார்லிமெண்ட் தேயிலையின் மீதிருந்த வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்தது. அதன் பின் அந்தப் பானம் பிரபுக்களின் மேஜையிலிருந்து இறங்கி ஏழைத் தொழிலாளியின் அடுப்படிக்கு வந்து சேர்ந்தது. அந்தக் காலத்துத் திருச்சபைப் பதிவேடுகளை ஆராய்ந்த அமெரிக்கப் பொருளியல் அறிஞர் பிரான்சிஸ்கா ஆண்ட்மன், எந்தெந்தப் பகுதிகளில் குடிநீர் மோசமாக இருந்ததோ அந்தந்தப் பகுதிகளில் தேநீர்ப் பழக்கம் பரவிய பிறகு மரணங்கள் அதிகமாகக் குறைந்தன என்று கண்டிருக்கிறார். கிருமி என்ற சித்தாந்தமே பிறவாத அந்நாளில், வைத்தியர் எவரும் சொல்லாமல், முனிசிபாலிட்டி எதுவும் சட்டம் போடாமல், ஒரு ஜன சமூகம் முழுவதும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கக் கற்றுக்கொண்டது இந்த இலையின் ருசிக்காகத்தான். தேநீர் மனித குலத்துக்குச் செய்த மகத்தான ஆரோக்கிய சேவை இதுவே என்று சொன்னால் அது மிகையாகாது. அந்தச் சேவையில் இலையின் பங்கைவிட அடுப்பின் பங்கு அதிகம்.

இலைக்குள் இருப்பது

நிற்க. இலையின் சொந்த யோக்கியதை யாது?

நீலகிரியிலும் ஆனைமலையிலும் இலங்கையின் மலைநாட்டிலும் தோட்டத் தொழிலாளிப் பெண்கள் முதுகில் கூடையைச் சுமந்துகொண்டு நாள் முழுவதும் கிள்ளுகிற கொழுந்து, அதாவது இரண்டு இளம் இலையும் ஒரு மொட்டும், உலர்ந்த பின் எடை பார்த்தால், அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ பாலிபீனால் என்னும் துவர்ப்புப் பொருள்களே. அவற்றுள் முக்கியமான கேட்டச்சின்களை 1929-இல் பச்சைத் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டியவர் மிச்சியோ சுஜிமுரா என்னும் ஜப்பானியப் பெண்மணி. மூன்று வருஷங்களுக்குப் பிறகு அந்நாட்டில் விவசாய விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண்ணும் அவரே. கொழுந்தை உடனே ஆவியிலோ வாணலியிலோ சூடேற்றி உலர்த்திவிட்டால் கேட்டச்சின்கள் அப்படியே தங்கிப் பச்சைத் தேயிலை ஆகின்றன. வாட்டி, நசுக்கி, காற்றுப்பட வைத்தால் அவை பிராணவாயுவோடு கூடி, தியபிளேவின், தியரூபிஜின் என்னும் செம்பழுப்பு வஸ்துக்களாக மாறி, நாம் தினமும் குடிக்கும் கருந்தேயிலையின் நிறத்தையும் திடத்தையும் தருகின்றன. 1930-இல் அஸ்ஸாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் கண்டுபிடித்த, கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரம் வந்த பிறகு இந்த மாறுதல் துரிதமாயிற்று. நம் டீக்கடைகளில் கொதிக்கிற டஸ்ட் ரகம் அந்த இயந்திரத்தின் குழந்தை.

பாலிபீனாலுக்கு அடுத்தபடி கபீன். 1827-இல் தேயிலையில் இதைக் கண்டவர், புதிய பொருள் என்று எண்ணி 'தீன்' என்று நாமகரணம் செய்தார். எட்டு வருஷங்களுக்கு முன்பே காபிக் கொட்டையில் அகப்பட்ட அதே பொருள்தான் இது என்று பின்னால் தெரிந்தது. ஒரு கோப்பைத் தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராம் வரை இது உண்டு என்பது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. வடிகட்டிய காபியில் இதைப் போல் இரு மடங்கு. இதனோடு தியனைன் என்று ஓர் அமினோ அமிலமும் தேயிலையில் இருக்கிறது; 1949-இல் ஜப்பானியர் கண்டுபிடித்த இது, கபீனோடு சேர்ந்து மனத்தை ஒருமுகப்படுத்த உதவுகிறது என்று சிறிய சோதனைகள் சில காட்டியிருக்கின்றன. காபி விழித்தெழச் செய்து படபடக்கவும் வைப்பது, தேநீர் விழித்தெழச் செய்து நிதானமாக இருத்துவது என்று இரண்டையும் பருகுகிறவர்கள் சொல்லும் வித்தியாசத்துக்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

இவற்றால் ஆயுள் நீளுமா என்ற கேள்விக்கு விடை தேடி நடந்த ஆராய்ச்சிகள் அநேகம். நெதர்லாந்தின் சுட்பென் நகரத்து முதியவர்கள் 805 பேரை ஐந்து வருஷம் கவனித்து 1993-இல் வெளியிட்ட முடிவில், பாலிபீனால் இனத்தைச் சேர்ந்த பிளேவனாயிட் அதிகமாக உட்கொண்டவர்களிடையே மாரடைப்பு மரணம் குறைவாக இருந்தது என்றும், அந்த பிளேவனாயிடில் பாதிக்கு மேல் தேநீரிலிருந்தே வந்தது என்றும் கண்டார்கள். ஜப்பானில் ஒசாக்கி என்னும் பிரதேசத்தில் நாற்பதாயிரத்துச் சொச்சம் பேரைத் தொடர்ந்து பார்த்த ஆராய்ச்சி 2006-இல் வெளியாயிற்று. நாளைக்கு ஐந்து கோப்பையும் அதற்கு மேலும் பச்சைத் தேநீர் குடித்தவர்கள், அதிலும் பெண்கள், இருதய நோய்களாலும் ரத்தக் குழாய் நோய்களாலும் இறப்பது குறைவாக இருந்தது. ஆனால் புற்றுநோயால் இறப்பதில் எந்த வித்தியாசமும் இல்லை. விளம்பரக்காரர்கள் முதல் பாதியை மட்டும் அச்சிட்டுப் பின்பாதியை விட்டுவிடுகிறார்கள். 2022-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரை வைத்துச் செய்த கணக்கில், தினம் இரண்டு கோப்பையும் அதற்கு மேலும் குடித்தவர்களுக்கு மரண அபாயம் 9 முதல் 13 சதவீதம் வரை குறைந்திருந்தது; அவர்களில் பெரும்பாலோர் குடித்தது கருந்தேயிலையே.

இந்த எண்களை வாசிக்கும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். இவையெல்லாம் பழக்கத்தையும் மரணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவை. ஒன்றால்தான் மற்றது நேர்ந்தது என்று அறுதியிட்டுச் சொல்பவை அல்ல. தேநீர் குடிக்கிறவர், அந்த நேரத்தில் வேறு எதைக் குடிக்காமல் இருந்தார் என்பதும் கணக்கில் சேர வேண்டியதல்லவா? சோதனைக்காகவே குடிக்கச் செய்து அளந்து பார்த்தவர்களும் ரத்த அழுத்தத்திலும் கெட்ட கொழுப்பிலும் சொற்பமான இறக்கத்தையே கண்டிருக்கிறார்கள். சொற்பம் என்றாலும் அது இறக்கம்தான்; ஆனால் அதை நம்பி மாத்திரையை நிறுத்தினவர் புத்திசாலி ஆகமாட்டார்.

இளைப்பதற்காகப் பச்சைத் தேநீர் குடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதனால் எடை குறைவது, ஒருவருக்கும் பிரயோஜனப்படாத அளவுக்கு அற்பம் என்று பல சோதனைகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் குழுவினர் 2012-இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கோப்பையில் குடிப்பதால் கேடில்லை. ஆனால் அதன் சாரத்தைச் சுண்டக் காய்ச்சி மாத்திரையாக அடைத்து விற்பது வேறு விஷயம். அத்தகைய மாத்திரைகளிலிருந்து கேட்டச்சின் நாளைக்கு 800 மில்லிகிராமும் மேலும் உள்ளே போனால் ஈரலுக்குத் தீங்கு நேரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஸ்தாபனம் 2018-இல் எச்சரித்தது.

நாம் குடிக்கும் விதம்

பால் சேர்த்தால் தேநீரின் குணமெல்லாம் பறிபோகும் என்ற பேச்சு நம்மிடையே பலமாக இருக்கிறது. 2007-இல் பெர்லின் நகரத்து வைத்தியசாலையில் பதினாறு பெண்களை வைத்துச் செய்த ஒரு சோதனையிலிருந்து வந்த பேச்சு அது. பாலில் உள்ள கேசீன் என்னும் புரதம் கேட்டச்சினைப் பற்றிக்கொள்வதால் ரத்தக் குழாய் விரிவது தடைப்பட்டதாக அவர்கள் எழுதினார்கள். மேலே சொன்ன ஐந்து லட்சம் பேர் கணக்கிலோ, பால் ஊற்றியவருக்கும் ஊற்றாதவருக்கும் வேற்றுமை காணப்படவில்லை. பதினாறு பேரையும் ஐந்து லட்சம் பேரையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு தாழும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆகவே பாலைப் பற்றி நான் கவலைப்படமாட்டேன்.

கவலைப்பட வேண்டியது சர்க்கரையைப் பற்றி. கடை டீயில் ஒரு கிளாஸுக்கு இரண்டு தேக்கரண்டி என்பது சாதாரணம். ஒரு தேக்கரண்டிக்கு நாலரை கிராம் என்று வைத்து, காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, வேலை விட்டு வரும்போது சிநேகிதரைப் பார்த்த மரியாதைக்கு ஒன்று என்று கணக்கிட்டால், டீயில் மட்டும் 36 கிராம் சர்க்கரை. நாளொன்றுக்கு 50 கிராமுக்குக் கீழேயும், கூடுமானால் 25 கிராமுக்குக் கீழேயும் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. இனிப்புப் பண்டம் எதையும் தொடாத மனிதரும் டீக்கடை பெஞ்சிலேயே அந்த இரண்டாவது எல்லையைத் தாண்டிவிடுகிறார். கூடவே நனைத்துத் தின்னும் பிஸ்கட்டை நான் சேர்க்கவில்லை. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருக்கிறது என்று 2023-இல் அறிவித்த ஆராய்ச்சி நம் சென்னையிலிருந்தே நடத்தப்பட்டது. அவர்களில் ஒருவரிடம், தேநீர் ரத்தக் குழாய்க்கு நல்லது என்று சொல்லிவிட்டு இரண்டு கரண்டி சர்க்கரையைப் பற்றிச் சொல்லாமல் விடுவது பாதி உண்மை. இந்த விஷயத்தில் யாழ்ப்பாணத்தார் நமக்கு மூத்தவர்கள்: வெறுந்தேத்தண்ணியை இனிப்பில்லாமல் வைத்துக்கொண்டு, ஒரு துண்டுப் பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடிக்கும் அவர்கள் வழக்கத்தில், நாக்குக்கு இனிப்புக் குறைவதில்லை, உள்ளே போகும் அளவு கட்டுக்குள் இருக்கிறது.

சூட்டைப் பற்றிய சங்கதியில் நாம் நம்மையே பாராட்டிக்கொள்ளலாம். 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் எந்தப் பானத்தைக் குடித்தாலும் உணவுக்குழாயில் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 2016-இல் வகைப்படுத்தியது. ஈரானின் கொலெஸ்தான் மாகாணத்தில் 70 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடிக்கிறவர்களுக்கு, இளஞ்சூட்டில் குடிப்பவர்களைவிட எட்டு மடங்கு அபாயம் என்று 2009-இல் கண்டறிந்தார்கள். குற்றம் இலையினுடையது அன்று, சூட்டினுடையது. டீ மாஸ்டர் ஒரு கையை வானுக்கும் ஒரு கையைப் பூமிக்குமாக நீட்டி நுரை பொங்க ஆற்றுகிற வித்தையை வேடிக்கை என்று எண்ணுகிறோம். வீட்டில் டபராவில் ஊற்றி ஆற்றுவதைப் பழைய காலத்துப் பழக்கம் என்று கைவிடுகிறோம். இரண்டும் தொண்டைக்குக் காப்பு. மூடி போட்ட காகிதக் கோப்பையில் ஆறாமல் வாங்கிக் குடிப்பதில் அந்தக் காப்பு போய்விடுவதோடு, கோப்பையின் உட்பூச்சிலிருந்து பிளாஸ்டிக் துகளும் கரைகிறது. நூறு மில்லி சூடான நீரில் பதினைந்து நிமிஷத்தில் சுமார் 25,000 நுண்துகள்கள் என்று காரக்பூர் ஐ.ஐ.டி.யினர் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இத்தகைய கோப்பை 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்தே தடை செய்யப்பட்டது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, கோப்பை கடையில் இருக்கிறது.

கலப்படத்தைப் பற்றி நீட்டி எழுத இடமில்லை. தூளைச் சிறிது வெள்ளை வடிதாளில் பரப்பி நீர் தெளித்தால், சாயம் ஏற்றிய தூள் உடனே கறையாக ஊறிக் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு நிமிஷ வேலை. தூக்கம் வராமல் புரளுகிறவர்கள் மாலை டீயை விட்டுப் பார்க்கட்டும். உள்ளே போன கபீனில் பாதி கழிவதற்கே ஐந்து மணி நேரம் ஆகிறது. கர்ப்பிணிகளுக்கு இன்னும் அதிகம் ஆகும். நாளைக்கு 200 மில்லிகிராமோடு அவர்கள் நிறுத்திக்கொள்வது உத்தமம்.

கடைசியாக, இவை எல்லாவற்றையும்விட நம் வீடுகளில் கவனிக்கப்படாத விஷயம் ஒன்று. தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சத்துப் பெண்களை வைத்துச் செய்து 1975-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, உணவோடு தேநீர் குடித்தால் அந்த உணவிலுள்ள இரும்புச் சத்து ரத்தத்தில் சேருவது வெகுவாகக் குறைகிறது என்று நிரூபித்தது. காந்தியடிகள் டானின் என்று குற்றம் சாட்டிய அந்தத் துவர்ப்புப் பொருள்தான் இரும்பைப் பற்றிக்கொண்டு, குடல் கிரகிக்க விடாமல் வெளியேற்றுகிறது. மாமிசத்தில் உள்ள இரும்பை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. கீரையிலும் பருப்பிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்பையே தடுக்கிறது. அதாவது, மாமிசம் அபூர்வமாகவே கிடைக்கும் ஏழைப் பெண்ணையே அதிகம் பாதிக்கிறது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2019-21-இல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அதற்கெல்லாம் தேநீரே காரணம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். வறுமைக்கும், வீட்டில் எல்லோரும் உண்ட பின் மிஞ்சியதை உண்ணும் வழக்கத்துக்கும், அடுத்தடுத்து வரும் பிரசவங்களுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. ஆயினும் அரைவயிற்றுச் சாப்பாட்டில் கிடைக்கிற கொஞ்ச இரும்பையும், பசியை மறக்கடிக்கக் குடிக்கும் டீ பறித்துக்கொள்ளுமானால், அதைத் தடுப்பதற்குப் பணம் வேண்டியதில்லை, நேரத்தை மாற்றினால் போதும்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு நெறிகளில், சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்பும் ஒரு மணி பின்பும் தேநீரும் காபியும் வேண்டாம் என்று சொல்லியிருப்பது இதனால்தான். ஆகவே வாசகர்களிடம், விசேஷமாக வீட்டுத் தலைவர்களிடம், நான் கேட்டுக்கொள்வது இது: இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் டீ டம்ளரை வைக்கும் வழக்கத்தை நிறுத்தி, டீயைப் பதினொரு மணிக்குத் தள்ளி வையுங்கள், ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை உங்கள் மகளோ மருமகளோ டீயோடு விழுங்குவதைக் கண்டால், அந்த டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, எலுமிச்சம் பழம் பிழிந்த நீரைக் கையில் கொடுங்கள்.